முதல், கரு, உரி: கணினி விளையாட்டுகளின் நெடுங்காலப் பாதுகாப்பும் கரிசல் வட்டார விளையாட்டு ஆவணமாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி விளையாட்டுகளும் மெய்நிகர் உலகங்களும் தோன்றி அரை நூற்றாண்டு கடந்த நிலையில், அவற்றை வருங்காலத்திற்கு எவ்வாறு விட்டுச்செல்வது என்னும் வினா உலக நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் எதிர்நோக்கி நிற்கிறது. கோப்பைக் காப்பது விளையாட்டைக் காப்பதாகாது என்பதே இத்துறையின் பட்டறிவு. இதே சிக்கலைக் கரிசல் வட்டாரத்தின் வழக்காற்று விளையாட்டுகளை ஆவணப்படுத்துவோரும் எதிர்கொள்கின்றனர். தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் முதல், கரு, உரி என்னும் முப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டு, எண்ணிமப் பாதுகாப்பு முறைகளை மதிப்பிடுவதும், கோவில்பட்டி சார்ந்த கரிசல் நிலத்து விளையாட்டு ஆவணமாக்கத்திற்கு அவ்வளவுகோலைப் பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, மெய்நிகர் உலகம், எண்ணிமப் பாதுகாப்பு, கரிசல் வட்டாரம், பல்லாங்குழி, உரிப்பொருள்.

முன்னுரை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனத் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களினூடே விரியும் மானாவாரிக் கரிசல் நிலம் தமிழ் ஆய்வுலகிற்குப் புதியதன்று. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்நிலத்தின் பேச்சையும் வாழ்வையும் எழுத்தில் நிலைநிறுத்தினர். கோவில்பட்டியில் இன்று கி.ரா.வுக்கு நினைவகம் எழுந்துள்ளது. கதையும் சொல்லும் இவ்வாறு எழுத்தேறிய அளவிற்கு அந்நிலத்து விளையாட்டுகள் ஆவணமாகவில்லை. அண்மைக்காலத்தில் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் முதலியவை கைப்பேசிச் செயலிகளாக வெளிவருகின்றன. ‘செயலியாகிவிட்டது, இனி அழியாது’ என்னும் எண்ணமும் உடன்வருகிறது.

இவ்வெண்ணம் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண்பதற்குக் கணினி விளையாட்டுகளே எவ்வாறு அழிகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். இக்கட்டுரை கள ஆய்வின் முடிவுகளைத் தருவதன்று. கள ஆய்வுக்கு உதவும் ஓர் அளவுகோலை முன்வைப்பது.

1. கணினி விளையாட்டு அழியும் முறை

ஓலைச்சுவடி செல்லரித்தாலும் எஞ்சிய ஏட்டைப் படிக்கலாம். கணினி விளையாட்டின் கோப்பு ஓர் எழுத்தும் சிதையாமல் இருந்தும் விளையாட்டு இறந்துவிடக்கூடும். அதனை இயக்கும் வன்பொருள், இயங்குதளம், உரிமச் சரிபார்ப்பு, தொலைவில் உள்ள வழங்கிக் கணினி ஆகியவற்றுள் ஒன்று இல்லாது போயினும் கோப்பு வெறும் எண்தொகுதியாகவே எஞ்சும்.

சான்றுகள் பல. ஆப்பிள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டு ஐஓஎஸ் 11 பதிப்பில் 32 பிட் செயலிகளுக்கான ஆதரவை நீக்கியபோது, புதுப்பிக்கப்படாத விளையாட்டுகள் புதிய பதிப்பில் இயங்காதனவாயின. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியதால் உலாவிவழி ஆடப்பெற்ற எண்ணற்ற சிறு விளையாட்டுகள் செயலிழந்தன. நின்டெண்டோ நிறுவனம் 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது. அக்கடையில் மட்டுமே விற்கப்பட்டவற்றைப் புதிதாக வாங்கும் வழி அன்றே அடைபட்டது. அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு வணிகச் சந்தையில் கிடைப்பதில்லை.

மெய்நிகர் உலகங்களின் நிலை இன்னும் நொய்யது. அவை ஆடுவோரின் கூட்டத்தாலேயே உலகமாகின்றன. ‘ஈஏ லேண்ட்’ என்னும் மெய்நிகர் உலகம் 2008 இல் மூடப்பட்டபோது, அதன் இறுதிக் கணங்கள் காணொளியாகப் பதிவுசெய்யப்பெற்றன. அவ்வுலகின் நிரல் அங்கு வாழ்ந்தோர் பிரிந்த துயரைச் சொல்லாது, அக்காணொளி சொல்லும். லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 1986 இல் தொடங்கிய ‘ஹாபிடாட்’ என்னும் முன்னோடி உலகின் மூலநிரல் முப்பது ஆண்டுகளுக்குப்பின் பொதுவெளியில் வைக்கப்பட்டு மீண்டும் இயக்கப்பெற்றது. நிலம் மீண்டது, முன்னைய குடிகள் மீளவில்லை.

2. பாதுகாப்பு முறைகளும் அவற்றின் எல்லையும்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நல்கையுடன் இலினாய், மேரிலாந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களும் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனமும் இணைந்து மேற்கொண்ட ‘மெய்நிகர் உலகங்களைப் பாதுகாத்தல்’ என்னும் திட்டம் 2010 இல் தன் இறுதி அறிக்கையை அளித்தது. 1962 இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ முதல் 2003 இல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ வரை பலவகைப் படைப்புகள் அதில் ஆராயப்பெற்றன. ‘செகண்ட் லைஃப்’ உலகில் ஒவ்வொரு கட்டடமும் உடையும் வெவ்வேறு பயனர் ஆக்கியது. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வேறு. எனவே ஒரு சிறு தீவைப் பாதுகாக்கவும் பலரிடம் இசைவு பெறவேண்டிய நிலை இருந்தது.

இத்துறையில் இன்று கைக்கொள்ளப்படும் முறைகளை நான்காகத் தொகுக்கலாம். பழைய கருவியையே பழுதுபார்த்துப் பேணுதல் ஒன்று. பழைய கருவியின் நடத்தையைப் புதிய கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் எமுலேஷன் மற்றொன்று. 1997 இல் தொடங்கிய ‘மேம்’ திட்டம் காசிட்டு ஆடும் ஆர்கேட் பொறிகளுக்கு இதனைச் செய்கிறது. நிரலையே புதிய தளத்திற்கு மாற்றி எழுதுதல் மூன்றாவது. ‘டூம்’ விளையாட்டின் மூலநிரல் 1997 இல் வெளியிடப்பட்டமையால் அது இன்று பலவகைக் கருவிகளில் ஆடப்பெறுகிறது. விளையாட்டைச் சுற்றிய கையேடு, ஆடுவோர் குறிப்பு, காணொளி, நேர்காணல் ஆகியவற்றைத் திரட்டுதல் நான்காவது.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதம் தொடர்கிறது. எதைக் காத்தால் விளையாட்டைக் காத்ததாகும் என்பதைத் தெளியாமல் அவ்வாதம் முடிவுறாது. இங்குத் தமிழ் இலக்கணமரபு ஓர் ஒளியைத் தருகிறது.

3. முதல், கரு, உரி: ஓர் அளவுகோல்

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர்தம் ஒழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருள் ஒழிந்தவை தம்முள் மயங்கலாம் என்பது அகத்திணையியல் வகுக்கும் நெறி. ஒரு திணையின் பறவை இன்னொரு நிலத்தில் வந்தாலும் பாடல் திணை திரிவதில்லை. ஒழுக்கமே திணையை உறுதிசெய்கிறது.

இப்பகுப்பு செய்யுளுக்கு உரியது. விளையாட்டுக்கு இதனை நேர்ச்சட்டமாக்காமல் ஆய்வுக்கான உவமையாகவே இக்கட்டுரை கையாள்கிறது. விளையாட்டு இயங்கும் கருவி, இயங்குதளம், ஆடப்பெறும் இடம், காலம் ஆகியன முதல். காய், கட்டம், ஓவியம், ஒலி, நிரல் ஆகியன கரு. ஆடுவோர் எடுக்கும் முடிவு, எதிராளியோடு கொள்ளும் உறவு, வெற்றி தோல்வியை ஏற்கும் முறை ஆகியன உரி.

இவ்வாறு நோக்கின் பாதுகாப்பு முறைகளின் இயல்பு துலங்கும். எமுலேஷன், முதலைப் போலியாக மீட்டுக் கருவை மாறாது வைப்பது. மாற்றி எழுதுதல், முதலை மாற்றிக் கருவையும் ஓரளவு திருத்துவது. ‘டூம்’ எத்தனை கருவிகளுக்கு மாறினும் அது ‘டூம்’ எனவே அறியப்படுவதற்குக் காரணம், ஆடுவோர் அதனுள் செய்யும் செயலும் அச்செயலின் விரைவும் மாறாமையே. மாறாக, ஆடுவோரற்ற மெய்நிகர் உலகில் முதலும் கருவும் முழுமையாக இருந்தும் உரி இல்லை. ஆகவே, உரிப்பொருள் அல்லாதன மாறலாம், உரிப்பொருள் மாறின் விளையாட்டே வேறாகிவிடும் என்பதைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ளலாம்.

4. பல்லாங்குழி செயலியாகும்போது

இவ்வளவுகோலைக் கரிசல் நிலத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கும் பல்லாங்குழிக்குப் பொருத்திக் காண்போம். இரு வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக 70 முத்துகள் இடுவது பரவலான ஒரு முறை. தன் பக்கத்துக் குழியொன்றிலிருந்து முத்துகளை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுச் சென்று, முடிந்ததும் அடுத்த குழியிலிருந்து அள்ளித் தொடர்வர். அடுத்த குழி வெறுங்குழியாயின் அதற்கடுத்த குழியில் உள்ளவை ஆடியவருக்கு உரியன. குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். பசுப்பாண்டி, காசிப்பாண்டி, கட்டுப்பாண்டி எனப் பெயர் வேறுபாடுகளும், அவற்றிற்கேற்ப விதி வேறுபாடுகளும் உண்டு.

இதன் முதலும் கருவும் மயங்குவதை மரபே ஏற்றுள்ளது. மரப்பலகையிலும், கோயில் மண்டபக் கல்லிலும், தரையில் தோண்டிய குழியிலும் ஆடுவர். புளியமுத்து இல்லையெனில் சோழி. அதுவும் இல்லையெனில் சிறுகல். ஆகவே மரக்குழி திரைக்குழியாவதை மட்டும் கொண்டு செயலியைக் குறைகூற இடமில்லை. வினா உரியைப் பற்றியது.

செயலியில் முத்துகளைக் கணினி எண்ணுகிறது. பல்லாங்குழியிலோ அள்ளும் முன் எதிர்க்குழியில் எத்தனை என்பதைக் கண்ணளவில் மதிப்பதே ஆட்டத்திறன். செயலியில் விதி ஒன்றே. அது நிரலில் உறைந்துவிட்டது. ஊரில் ஆடத் தொடங்கும் முன் எம்முறையில் ஆடுவது என இருவரும் பேசி உடன்பட வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது, செயலியில் அழுகுணி ஆட்டம் ஆட இயலாமை. ஒரு முத்தைக் கூடுதலாக இடுவதும், எதிராளி அதனைக் கண்டுபிடிப்பதும், ‘நீ அழுகுணி’ எனப் பூசல் எழுவதும், அருகில் அமர்ந்த மூத்தவர் வழக்கைத் தீர்ப்பதும் அவ்விளையாட்டின் ஒழுக்கத்தில் அடங்குவன. விதி என்பது யாது, அதனை யார் காக்கிறார், மீறினால் யாது நிகழும் என்பதைக் குழந்தை கற்கும் இடம் அதுவே. பூப்பெய்திய பெண் தனித்திருக்கும் நாள்களில் உறவுப் பெண்களோடு ஆடும் ஆட்டத்தில் முத்துகளைவிடப் பேச்சே மிகுதி. செயலியின் ‘ஒருவர் ஆட்டம்’ அவ்வுறவைத் தானாகவே நீக்கிவிடுகிறது.

இதனால் செயலி பயனற்றது என்பது பொருளன்று. ஊரில் கற்பிப்பார் இல்லாத குழந்தைக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்த அது உதவும். ஆயின் பாதுகாப்பு என்னும் பெயருக்கு அது உரியதாவதில்லை. அது பல வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்து பிறவற்றை மறைக்கிறது. மேலும், முதற்பகுதியில் கண்டவாறு, இயங்குதளத்தின் அடுத்த மாற்றத்தில் அச்செயலியும் அழியக்கூடும். அப்போது ஊரில் ஆடுவோரும் இலர், கருவியில் செயலியும் இல்லை என்னும் இரட்டை இழப்பு நேரும். ஆடுபுலி ஆட்டத்திற்கும் இது பொருந்தும்: மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் 23 புள்ளிகளும் நிரலில் அமைந்துவிடும், சுற்றி நின்று ஆட்டுக்காரருக்கு வழிசொல்லும் கூட்டம் அமையாது.

5. கி.ரா. காட்டிய வழி

உரியைப் பதிவுசெய்ய இயலுமா என்னும் ஐயத்திற்குக் கரிசல் நிலத்திலேயே விடை உண்டு. கி.ரா. 1982 இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி சொல்லுக்குப் பொருள் தருவதோடு நில்லாமல், அது வழங்கும் சூழலையும் சுட்டுகிறது. வழக்குச் சொல்லைப் பேசுவோரிடமிருந்து பிரித்தெடுத்தால் அது பாதிச்சொல் என்பதை உணர்ந்தவர் அவர். பின்னர் வெளிவந்த பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியும் அவ்வழியில் அமைந்தவை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியபோதும் கி.ரா. சொல்பவரின் மொழியைச் செம்மைப்படுத்தாமல் காத்தார்.

விளையாட்டுக்கும் இத்தகைய அகராதி தேவை. விதியை மட்டும் எழுதும் பதிவில் கரு எஞ்சும். எந்தப் பொழுதில், யாருடன், எந்த உறவினர் முன்னிலையில் ஆடினர். தோற்றவர் யாது செய்யவேண்டும். எச்சொல்லால் ஏசினர் என்பனவற்றையும் சேர்த்தால் உரி எஞ்சும். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் பரவியபின் பெண்களின் ஓய்வுப் பொழுது எவ்வாறு மாறியது, அம்மாற்றம் ஆட்டத்தைக் குறைத்ததா, இடம்மாற்றியதா என்பது களத்தில் கேட்டறியவேண்டிய வினா. முதற்பொருளாகிய பொழுதின் வரலாறு இல்லாமல் விளையாட்டின் வரலாறு முழுமையுறாது.

6. தமிழர் ஆக்கிய கணினி விளையாட்டு: ‘வெண்பா’

மறுதலையாக, பிறப்பிலேயே எண்ணிமமான தமிழ்ப் படைப்பின் நிலை யாது? கனடாவின் டொராண்டோ நகரைச் சார்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ தக்க சான்றாகும். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி, புட்டு முதலியவற்றைச் சமைத்தலே ஆடுவோரின் பணி. 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமாகிய பாஃப்டாவின் முதற்படைப்புக்கான விளையாட்டு விருதை இது பெற்றது.

சிதைந்த ஏட்டைக் கைப்பழக்கத்தாலும் நினைவாலும் மீட்பதைப் பொருளாகக் கொண்ட இப்படைப்பே, நாளை சிதையக்கூடிய ஏடாக உள்ளது. இதன் உரி, குறைந்த குறிப்பிலிருந்து தவறிப் பயின்று சமைக்கும் செயல். அதனைக் காணொளியாகப் பார்ப்பவர் கதையை அறிவார்; தவறிக் கற்கும் பட்டறிவைப் பெறார். எனவே இயங்கும் நிலையில் காப்பதும் ஆடியோரின் பதிவுகளைக் காப்பதும் ஆகிய இரண்டும் வேண்டும்.

அப்பொறுப்பை ஏற்கச் சட்டம் பணிக்கும் தமிழ் நிறுவனம் எதுவும் இல்லை. 1954 ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா பொது நூலகம் இந்தியாவில் வெளியாகும் நூல்களையும் இதழ்களையும் பெறுகிறது. அச்சட்டம் அச்சிட்டவற்றைப் பற்றியது; கணினி விளையாட்டு அதன் எல்லைக்குள் வராது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்யப்பட்ட திருத்தம், வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்பின்பொருட்டு ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. அப்படைப்பின் எண்ணிமமல்லாத படி அந்நூலகத்திடம் முன்னரே இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. பிறப்பிலேயே எண்ணிமமான படைப்புக்கு அத்தகைய படி ஏது? இவ்விடைவெளி தமிழில் உருவாகும் எல்லா மென்பொருட் படைப்புகளையும் பாதிக்கும்.

7. தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

இச்சிக்கல் தமிழ்த்துறைகளுக்கு வெளியே நிகழ்வதன்று. ஒருங்குறி பரவுமுன் பாமினி, டிஸ்கி, டேப், டாம் எனப் பலவகை எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சான ஆய்வேடுகளை இன்று உரிய எழுத்துருவோ மாற்றியோ இன்றித் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. முன்னைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. களப்பதிவு ஒலிநாடாக்களின் நிலையும் இதுவே. மதுரைத் திட்டம் (1998), நூலகம் (2005) முதலிய முயற்சிகள் தமிழ்ப் பனுவல்களுக்குச் செய்த பெரும்பணி நிகழ்த்துதல்களுக்கும் விரிவடைதல் வேண்டும். அதற்குக் கீழ்க்காண்பவை தொடக்கமாக அமையலாம்.

முதலாவது, விளையாட்டுப் பதிவு ஒவ்வொன்றும் முதல், கரு, உரி என்னும் மூன்று தலைப்பிலும் தனித்தனியே குறிப்புப் பெறுதல் வேண்டும். ஊர்வாரி விதி வேறுபாடுகளுள் ஒன்றைச் ‘சரியானது’ எனத் தேராமல் அனைத்தையும் பதிதல் வேண்டும்.

இரண்டாவது, ஆட்டத்தில் பூசல் எழும் இடத்தில் பதிவை நிறுத்தலாகாது. விதி வெளிப்படையாகப் பேசப்படுவது அங்கேதான்.

மூன்றாவது, ஒலிப்பதிவை இழப்பற்ற வடிவில், பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் பரிந்துரைக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவிலேனும் சேமித்தல் வேண்டும். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேற்றூரில் என்னும் நெறி எளிது. கோப்பு சிதைந்ததா என அறியச் சரிபார்ப்பு எண்ணையும் உடன்வைத்தல் வேண்டும்.

நான்காவது, பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னும் மூலக்கோப்பையும் எழுத்துருவையும் களையலாகாது. மாற்றத்தில் நேர்ந்த பிழையை மூலத்தைக் கொண்டே திருத்த இயலும்.

ஐந்தாவது, துறைகள் விளையாட்டுச் செயலி உருவாக்கின் மூலநிரலையும் விதி விளக்கத்தையும் திறந்த உரிமத்தில் வெளியிடுதல் வேண்டும். விதிகளை ஆடுவோரே பேசி மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும், எதிரெதிர் அமர்ந்து இருவர் ஆடும் அமைப்பும் செயலியில் இடம்பெறுமாயின் உரி ஓரளவேனும் எஞ்சும்.

ஆறாவது, ஆடிக்காட்டியவரின் இசைவும் பெயரும் பதிவோடு நிலைபெறுதல் வேண்டும். ‘செகண்ட் லைஃப்’ பயனர்க்கு உள்ள உரிமை கரிசற்காட்டுப் பாட்டிக்கும் உண்டு.

முடிவுரை

யுனெஸ்கோ அமைப்பு 2003 அக்டோபரில், ஒரே பொது மாநாட்டில், எண்ணிம மரபுரிமைக்கான சாசனத்தையும் உருவமற்ற பண்பாட்டு மரபுரிமைக்கான உடன்படிக்கையையும் ஏற்றது. இரண்டும் தனித்தனி ஆவணங்கள். விளையாட்டோ இரண்டிற்கும் உரிய பொருள். கணினி விளையாட்டைக் காப்போர் பட்டறிந்து உணர்ந்ததை வழக்காற்றியலார் முன்பே அறிவர்: நிகழ்த்துதல் இன்றிப் பனுவல் இல்லை. வழக்காற்றியலார் இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளாததைக் கணினி விளையாட்டைக் காப்போர் அறிவர்: சேமித்தது தானே நிலைத்திராது, தலைமுறைதோறும் அதனை மீண்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரு அறிவும் இணையும் இடமாகத் தமிழ்த்துறை அமையலாம். கரிசல் நிலத்தில் பல்லாங்குழியின் வேறுபாடுகளை நினைவில் கொண்டோர் மூத்த தலைமுறையினர். அவர்தம் முன்னிலையில் இளையோர் இருவர் ஆட, பிழையை அவர்கள் திருத்த, அத்திருத்தமும் பதிவாகுமாயின் அதுவே முழுமையான ஆவணம். மரப்பலகையும் மாறலாம், கைப்பேசியும் மாறலாம். எதிரெதிர் அமர்ந்து, உடன்பட்டு, பூசலிட்டு, மீண்டும் உடன்படும் அவ்வொழுக்கம் மாறாது சென்று சேர்தல் வேண்டும்.